பார்த்துவிட்டு வந்தும் மனதில் ஏன் எதுவும் மாறவில்லை?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: ஆண்டுக்கு ஒரு முறை எட்டு, பத்து நாள் புது ஊருக்கோ புது நாட்டுக்கோ போகிறீர்கள். பார்க்க வேண்டியதையெல்லாம் பட்டியல் போட்டுப் பார்க்கிறீர்கள், நூற்றுக்கணக்கில் படம் எடுக்கிறீர்கள். திரும்பி வந்தால், போனபோது இருந்த அதே ஆள்தான். அந்த ஊர் மக்களின் வாழ்க்கையைக் கவனித்தால் மனம் விரியும் என்கிறார்களே, எதை, எப்படிக் கவனிப்பது? இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கவனிக்கும் முறை என்ன என்பது ஒன்று. அதற்குத் தெளிவான பதில் உண்டு. மனிதச் சமூகங்களை ஆராயும் மானிடவியலில் களப்பணி என்ற பெயரில் ஏறத்தாழ நூறு ஆண்டுகளாகக் கற்றுக்கொடுக்கப்படுவது அதுதான், அதைக் கற்றுக்கொடுப்பதுதான் என் வேலையும். கவனித்தால் மனம் விரிந்துவிடுமா என்பது இன்னொன்று. அதற்குப் பாதிப் பதில்தான் கைவசம் இருக்கிறது. அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வில்லியம் மேடக்ஸ், ஆடம் கலின்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வுகளில் பழைய புதிர் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு மெழுகுவர்த்தி, தீக்குச்சிகள், ஒரு பெட்டி நிறைய ஆணிகள். மெழுகு தரையில் சொட்டாதபடி மெழுகுவர்த்தியைச் சுவரில் பொருத்த வேண்டும். ஆணிகளைக் கொட்டிவிட்டு, காலிப் பெட்டியைச் சுவரில் அறைந்து அதன்மேல் மெழுகுவர்த்தியை நிறுத்துவதுதான் விடை. பெட்டியை ‘ஆணி வைக்கும் பொருள்’ என்று மட்டுமே பார்ப்பவருக்கு இது தோன்றாது. வெளிநாட்டில் வாழ்ந்தவர்கள் இதில் முன்னே நின்றார்கள். வெளிநாட்டுக்குச் சுற்றுலா போய்வந்த காலத்துக்கும் விடைக்கும் அப்படி ஒரு தொடர்பு தென்படவில்லை. உங்கள் அனுபவம் விதிவிலக்கு இல்லை என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இதை வைத்து அதிகம் கட்டக் கூடாது. வெளிநாட்டில் போய் வாழத் துணிபவர்கள் முன்பே அப்படிப்பட்டவர்களாக இருக்கலாம் என்ற ஐயத்தை இத்தகைய ஆய்வுகளிலிருந்து முழுக்க விலக்கிவிட முடியாது. போதாததற்கு, 2017இல் வெளிவந்த இன்னொரு ஆய்வுத் தொகுதி எதிர்ப்பக்கத்தையும் காட்டியது. பல நாடுகளைப் பார்த்தவர்கள் சிலருக்கு ‘சரி, தவறு என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறுவதுதானே’ என்ற எண்ணம் வலுத்து, சின்னச் சின்ன ஏமாற்று வேலைகளுக்கும் மனம் எளிதாக இடம் கொடுத்தது. விரிவு எப்போதும் நல்ல பக்கமாகவே விரியும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

களப்பணி பயில வருபவர்களிடம் திரும்பத் திரும்பத் தெரிவது ஒன்று உண்டு. புதியதைப் பார்ப்பதால் அவர்கள் எண்ணம் அசைவதில்லை. ‘இங்கே இது இப்படித்தான்’ என்று தாங்களே எழுதி வைத்த ஒரு வரி, மூன்றாம் நாள் தவறு என்று தெரியும்போதுதான் அசைகிறது. எழுதி வைக்காவிட்டால் தவறு என்று தெரியவே வராது. ‘நான் அப்போதே அப்படித்தான் நினைத்தேன்’ என்று மனம் கணக்கை நேர்செய்துவிடும். கீழே சொல்லும் எல்லாமே, நீங்கள் தவறிப்போவதற்கான வாய்ப்பை உண்டாக்கி, அதைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்கான ஏற்பாடுதான்.

முதலில் இடம். நினைவுச் சின்னம், அருங்காட்சியகம், நிகழ்ச்சி மேடை இவை வேண்டாம். அங்கே நிற்பவர்களில் பாதிப் பேர் உங்களைப் போன்றவர்கள். உள்ளூர்க்காரர்கள் வேறு வழியின்றி வந்து, கொஞ்ச நேரம் காத்திருந்து, ஒரு சிறு வேலையை முடித்துக்கொண்டு போகும் இடமாகப் பாருங்கள்: பேருந்து நிறுத்தம், அஞ்சல் நிலையக் கவுண்ட்டர், பொது நூலகம், பள்ளி விடும் நேரத்தில் பள்ளிக்கு எதிர்ப்புறம் உள்ள நடைபாதை, பூங்கா பெஞ்சு. காத்திருத்தல் முக்கியம். வேலையாக இருக்கும் மனிதர்களிடம் அந்த வேலையின் விதிகள் தெரியும். காத்திருப்பவர்களிடம்தான் பிற மனிதர்களோடு எப்படி இருப்பது என்ற விதிகள் தெரியும். ஓர் இடத்தைத் தேர்ந்துவிட்டால் மாற்றாதீர்கள். ஐந்து இடத்தில் ஒவ்வொரு முறை உட்கார்வதைவிட ஒரே இடத்தில் மூன்று முறை உட்கார்வது பல மடங்கு பயன் தரும். முதல் முறை எழுதியதை இரண்டாம் முறை சரிபார்க்க முடிவது அதனால்தான். காலை ஏழு மணி வாக்கில் ஒரு முறை, மாலை ஆறு மணி வாக்கில் ஒரு முறை, விடுமுறை நாளில் ஒரு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு அமர்வுக்கு நாற்பது நிமிடம் போதும். அதற்குமேல் கண் பார்க்கும், மனம் பதிவு செய்யாது. முதல் பத்து நிமிடம் எதையும் எழுதாதீர்கள். உங்கள் கண் பழக அவ்வளவு நேரம் பிடிக்கும், உங்களைப் பார்ப்பவர்கள் பார்ப்பதை நிறுத்தவும் அவ்வளவு நேரம் பிடிக்கும். முதுகுக்குப் பின்னே சுவர் இருக்கும்படி, கூட்டத்துக்கு நேர் எதிரே இல்லாமல் பக்கவாட்டில் உட்காருங்கள். அடுத்த இருபது நிமிடம் எழுதுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் தேடுங்கள்: இங்கே நான் என்ன செய்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்?

குறிப்பு எழுதுவதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். பக்கத்தை நெடுக்காகக் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் மூன்றில் இரண்டு பங்கு, கண்டதும் கேட்டதும். வலப்பக்கம் ஒரு பங்கு, உங்களுக்குத் தோன்றியது. இடப்பக்கத்தில் மரியாதை, சோம்பல், அன்பு, கடுமை போன்ற சொற்களுக்கு அனுமதி இல்லை; வினைச்சொல், எண்ணிக்கை, தூரம், நேரம் இவை மட்டுமே. ‘முதியவருக்கு மரியாதையாக இடம் கொடுத்தார்கள்’ என்று எழுதினால் அது வலப்பக்கச் சரக்கு. இடப்பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்றால்: ‘நிறுத்தத்தில் 9 பேர். 4 பேர் கூரைக்கு அடியில், 5 பேர் வெளியே. பெஞ்சில் நால்வருக்கு இடம், இருவர்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், இரண்டு ஓரத்திலும். 70 வயது மதிக்கத்தக்க பெண் வருகிறார். ஓரத்தில் இருந்த இளைஞர் எழுகிறார்; அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை, எதுவும் சொல்லவில்லை, மூன்றடி தள்ளிப் போய் செல்போனைப் பார்க்கிறார். அந்தப் பெண் நடுவில் உட்காரவில்லை. இளைஞர் விட்ட ஓரத்தில் உட்கார்கிறார். நன்றி சொல்லவில்லை.’ இப்போது பாருங்கள், ‘மரியாதை’ என்ற ஒரே சொல் எத்தனை கேள்விகளை விழுங்கியிருந்தது என்று. ஏன் பேச்சே இல்லை? நடு இடம் ஏன் காலியாகவே இருக்கிறது? எழுந்தவர் ஏன் தள்ளிப் போனார், பக்கத்திலேயே நின்றால் நன்றியை எதிர்பார்ப்பது போலாகிவிடுமா? அல்லது பேருந்து வரும் நேரமாகிவிட்டதால் எழுந்தாரா, முதியவர் வந்ததற்கும் அதற்கும் தொடர்பே இல்லையா? மாலை அமர்வில் பார்த்து முடிவு செய்ய வேண்டிய வேலை கிடைத்துவிட்டது.

எண்ணுவது கொஞ்சம் அலுப்பான வேலைதான். ஆனால் மனப்பதிவை உடைக்க அதைவிட மலிவான கருவி கிடையாது. வில்லியம் வைட் என்ற அமெரிக்கர் 1970களில் நியூயார்க்கின் தெருக்களிலும் சதுக்கங்களிலும் கேமரா வைத்து, ஆள்கள் எங்கே நிற்கிறார்கள், எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டே இருந்தார். தெருவில் தற்செயலாகச் சந்திப்பவர்கள் நடப்போருக்கு வழிவிட்டு ஓரமாக ஒதுங்கிப் பேசுவார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். எண்ணிப் பார்த்தால், நடமாட்டம் அதிகமுள்ள நட்டநடுவில் நின்றுதான் பெரும்பாலோர் பேசினார்கள். நகர்த்தக்கூடிய நாற்காலியில் உட்கார வருபவர்கள், தேவையே இல்லாவிட்டாலும் அதைச் சில அங்குலம் நகர்த்திவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள் என்பதும் அவர் கண்டதே. இதற்கு மொழி வேண்டாம், பட்டம் வேண்டாம். உட்கார்ந்திருக்கும் பொறுமைதான் வேண்டும். ‘இந்த ஊரில் எல்லோரும் அவசரக்காரர்கள்’ என்று உங்களுக்குத் தோன்றினால், அதையும் அளந்துவிடலாம். ராபர்ட் லெவின் என்ற உளவியலாளரும் உடன் ஆய்வாளரும் 31 நாடுகளின் பெரிய நகரங்களில் அப்படி அளந்து 1999இல் வெளியிட்டார்கள்: நடைபாதையில் 60 அடி, அதாவது சுமார் 18 மீட்டரைக் கடக்க எவ்வளவு நேரம், அஞ்சல் நிலையத்தில் ஒரு தபால்தலை வாங்க எவ்வளவு நேரம், வங்கிச் சுவர்க் கடிகாரங்கள் எவ்வளவு சரியாக ஓடுகின்றன. சுவிட்சர்லாந்து, அயர்லாந்து, ஜெர்மனி முன்னணியில் வந்தன, மெக்சிகோ கடைசி. நீங்கள் செய்யும்போது இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு இடையே உள்ள தூரத்தைக் காலடியால் அளந்து, தனியாக, கையில் சுமையில்லாமல் நடப்பவர்கள் இருபது பேரை செல்போன் ஸ்டாப்வாட்ச்சில் பாருங்கள். சேர்ந்து நடப்பவர்கள், குழந்தையோடு வருபவர்கள், கடை ஜன்னலைப் பார்த்து நிற்பவர்கள் இவர்களைச் சேர்த்தால் கணக்கு கெடும். ஊருக்குத் திரும்பியதும் அதே மணி நேரத்தில் அதையே செய்யுங்கள். இரண்டு எண்ணும் நீங்கள் நினைத்த பக்கம் சாயாமல் போனால் செலவழித்த நேரம் வீண் இல்லை.

விதிகள் எல்லோராலும் பின்பற்றப்படும்போது கண்ணுக்குத் தெரியாது, மீறப்படும்போதுதான் தெரியும். ஆகவே மீறல் நடக்கும் இடங்களுக்குக் காத்திருங்கள். முதல் இடம் குழந்தைகள். பெரியவர்களிடம் யாரும் சொல்லாததைக் குழந்தையிடம் வாய்விட்டுச் சொல்வார்கள்: அங்கே நிற்காதே, அப்படிக் கேட்காதே, மெதுவாகப் பேசு, இல்லை, சத்தமாகப் பதில் சொல். மொழி புரியாவிட்டாலும் எந்தச் செயலுக்குப் பின் தாயின் கை நீள்கிறது என்பது புரியும். ஒரு மணி நேரத்தில் பத்துத் திருத்தங்களையாவது எழுதிவிடலாம். இரண்டாவது, ஊருக்குப் புதிதாக வந்தவர்கள். மூன்றாவது நீங்களேதான்; எந்த இடத்தில் ஒருவர் புருவம் உயர்ந்தது, யார் உங்களைச் சற்றே விலகி நிற்கச் சொன்னார் என்பதை வெட்கப்படாமல் அதே பக்கத்தில் எழுதுங்கள். ஹெரால்ட் கார்ஃபிங்கல் என்ற சமூகவியலாளர் தம் மாணவர்களைச் சொந்த வீட்டிலேயே கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை வாடகைக்குத் தங்கியவர்களைப் போல நடந்துகொள்ளச் சொன்னார்: அனுமதி கேட்டு, பணிவாக, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி. வீட்டார் திகைத்தார்கள், கோபப்பட்டார்கள், உடம்புக்கு என்ன என்று கேட்டார்கள். வேண்டுமென்றே விதியை மீறிப் பார்க்கும் இந்த முறையைச் சொந்த வீட்டில் முயலலாம், விலை உங்களோடு போகும். விருந்தாளியாகப் போன ஊரில் செய்யவே கூடாது. அங்கே அந்த அசௌகரியத்தைச் சுமப்பவர் நீங்கள் இல்லை.

இனி விளக்கம். மற்றவர் செயலுக்குக் காரணம் தேடும்போது சூழ்நிலையைக் குறைத்தும் குணத்தைக் கூட்டியும் மதிப்பிடுவது மனித மனத்தின் பழைய கோளாறு. 1977இல் லீ ராஸ் என்ற உளவியலாளர் இதற்குப் பெயர் வைத்து விரிவாக எழுதினார். அயலூரில் இந்தக் கோளாறு இரட்டிப்பாகும், ஏனென்றால் சூழ்நிலை உங்களுக்குத் தெரியவே தெரியாது. கவுண்ட்டரில் இருப்பவர் ஒரு தபாலுக்கு ஆறு நிமிடம் எடுத்தால் ‘இவர்கள் மெத்தனமானவர்கள்’ என்று வலப்பக்கத்தில் விழும். இதற்கு ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்: விநோதமாகத் தெரியும் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று விளக்கம் எழுதாமல் அடுத்த வரிக்குப் போகக் கூடாது. ஒன்று விதி அல்லது நிர்வாகம் சார்ந்தது: ஒருவேளை இரண்டு பதிவேட்டில் எழுத வேண்டுமோ. ஒன்று பொருளும் இடமும் சார்ந்தது: வெப்பம், இடநெருக்கடி, ஒரே ஒரு எடை இயந்திரம். கடைசியாகத்தான் மதிப்பும் நம்பிக்கையும் சார்ந்தது: வந்தவரோடு நாலு வார்த்தை பேசாமல் அனுப்புவது இங்கே அவமதிப்பாக இருக்கலாம். ‘அது அவர்கள் பண்பாடு’ என்ற விளக்கத்தை எப்போதும் மூன்றாவதாக வையுங்கள். அது தவறு என்பதால் இல்லை. அதைச் சொன்னவுடன் தேடல் நின்றுவிடுகிறது என்பதால்.

நாட்டுக்கு நாடு ஒட்டுமொத்தமாகச் சொல்லப்படும் சூத்திரங்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும். எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1966இல் பேச்சுத் தூரங்களை வகைப்படுத்தினார். நெருங்கியவர்களோடு 45 செ.மீ. வரை, தெரிந்தவர்களோடு 45 முதல் 120 செ.மீ. வரை என்ற கணக்கு இன்றும் பயண வழிகாட்டிகளில் உலக விதி போல வருகிறது. ஹால் அதை அமெரிக்காவின் வடகிழக்குக் கரையைச் சேர்ந்த நடுத்தர வர்க்கத்தாரைப் பார்த்து எழுதினார், அதை அவரே சொல்லியும் இருக்கிறார். 2017இல் 42 நாடுகளில் ஏறக்குறைய 9,000 பேரிடம் கேட்டபோது அந்நியரோடு மிக நெருங்கி நிற்க ஒப்பியவர்கள் அர்ஜென்டினாவில். மிக விலகி நிற்க விரும்பியவர்கள் ருமேனியாவில். சவூதி அரேபியாவும் விலகி நிற்பவர்கள் பட்டியலில்தான் வந்தது. அரபு நாட்டார் நெருங்கி நிற்பார்கள் என்ற பழைய சூத்திரத்துக்கு அது ஒத்துவரவில்லை. அந்த ஆய்விலும் ஒரு குறை உண்டு: தாளில் வரைந்த இரு உருவங்களுக்கு இடையே தூரத்தைக் குறிக்கச் சொல்லித்தான் கேட்டார்கள், நேரில் அளக்கவில்லை. படித்துவிட்டுப் போகலாம், ஆனால் படித்ததை நோட்டின் முதல் பக்கத்தில் ‘எதிர்பார்ப்பு’ என்று எழுதி வைத்துவிட்டுப் போங்கள். அதுவும் சோதனைக்கு உட்பட்டதுதான்.

வெறும் பார்வை ஓர் எல்லைக்குமேல் போகாது. இந்தியாவைப் பற்றி 1030 வாக்கில் எழுதிய மத்திய ஆசிய அறிஞர் அல்பிரூனி தம் நூலைத் தொடங்கும்போதே இதைப் பேசுகிறார்: கேள்விப்படுவதைவிடக் காண்பது மேல், ஆனால் கண் அந்தக் கணத்தை மட்டுமே பார்க்கும், நடந்து முடிந்ததும் கண்ணுக்கு எட்டாததும் பிறர் சொல்லித்தான் தெரியவரும். அவர் சமஸ்கிருதம் கற்றதும் அதனால்தான். எட்டு நாள் பயணிக்கு அது முடியாது. ஆனாலும் கேட்கும் முறையைச் சரிசெய்துகொள்ளலாம். ‘ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?’ என்று கேட்காதீர்கள். ஏன் என்றால் குற்றம் சாட்டுவது போல ஒலிக்கும். அதோடு, தம் செயலின் காரணத்தை மனிதர்கள் பெரும்பாலும் அறிய மாட்டார்கள், கேட்டால் பொருத்தமான ஒன்றைச் செய்து கொடுப்பார்கள். நிஸ்பெட், வில்சன் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1977இலேயே இதைக் காட்டிவிட்டார்கள். ‘காலையில் இங்கே வந்தால் முதலில் என்ன செய்வீர்கள், அப்புறம்?’ என்று வரிசையாகக் கேளுங்கள். ‘கடைசியாக இது எப்போது நடந்தது, அன்றைக்கு யார் யார் இருந்தார்கள்?’ என்று கேளுங்கள். ‘தெரியாமல் நான் அங்கே நின்றுவிட்டால் என்ன ஆகும்?’ என்பது எல்லாவற்றிலும் நல்ல கேள்வி. கேட்பவரை அறியாதவராக வைக்கிறது, பதில் சொல்பவருக்குச் சிரிக்கவும் இடம் தருகிறது. ஆமாம், இல்லை என்று முடியும் கேள்வி வேண்டாம். விருந்தாளி மனம் நோகக் கூடாது என்பதற்காகவே பல இடங்களில் ‘ஆமாம்’ வரும். ஒரே விஷயத்தை வயதில், பாலினத்தில், தொழிலில் வேறுபட்ட மூன்று பேரிடம் கேளுங்கள். மூவரும் மூன்று விதமாகச் சொன்னால் குழம்ப வேண்டாம், அந்தச் சண்டைதான் அங்குள்ள உயிரோட்டம். பயிற்சி பெற்றவர்களுக்கே இதில் வழக்கு தீர்ந்தபாடில்லை: மானிடவியலாளர் மார்கரெட் மீட் 1925–26இல் பசிபிக் தீவான சமோவாவில் இளம்பெண்களிடம் கேட்டு எழுதியதை இன்னொரு மானிடவியலாளர் டெரக் ஃப்ரீமன் 1983இல் கடுமையாக மறுத்தார், அவர் மறுப்பையும் பின்னால் வந்தவர்கள் மறுத்தார்கள்.

யாரிடம் கேட்கிறோம் என்பதும் பெரிய விஷயம். பயணியாகப் போனால் முதலில் பேச வருபவர்கள், பயணிகளோடு பேசுவதையே பிழைப்பாகக் கொண்டவர்கள். சமூகவியலாளர் டீன் மக்கனெல் 1973இல் சொன்னபடி, பயணி ‘உண்மையான வாழ்க்கை’யைத் தேடிப் போகப் போக, அவருக்குக் காட்டுவதற்கென்றே ஒரு ‘உள்ளறை’ தயாராகிவிடுகிறது. இதைப் போலி என்று உதறவும் வேண்டாம்; காட்டுவதும் அவர்கள் உழைப்புதான், அதையும் கவனிக்கலாம். எதைக் காட்டத் தேர்ந்தெடுக்கிறார்கள், எந்தக் கேள்வி வந்தால் பேச்சை மாற்றுகிறார்கள் என்பதெல்லாம் செய்தி. அந்த உறவில் நீங்கள் காசு கொடுப்பவர், அவர் வாங்குபவர் என்பதை மட்டும் மறக்காதீர்கள். உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் முன்வைத்த நிபந்தனைகள் இங்கே உதவும்: சம நிலை, பொதுவான நோக்கம், சேர்ந்து உழைத்தல், சுற்றியுள்ள சமூகத்தின் ஒப்புதல். இவை இருக்கும் தொடர்புதான் தப்பெண்ணத்தை நன்றாகக் குறைக்கும் என்றார். 2006இல் பெட்டிக்ரூ, ட்ராப் இருவரும் 515 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தொடர்பு பொதுவாகத் தப்பெண்ணத்தைக் குறைக்கிறது, இந்த நிபந்தனைகள் இருந்தால் கூடுதலாகக் குறைக்கிறது என்று வந்தது. நடைமுறையில் இதன் பொருள் எளியது. பயணத்தில் ஒரு நாளாவது, காசு கைமாறாத, உள்ளூர்க்காரரும் நீங்களும் ஒரே வேலையைச் செய்யும் இடம் தேடுங்கள்: பூங்காவில் காலை உடற்பயிற்சிக் குழு, நூலகத்தின் மொழிப் பயிற்சிக் கூட்டம், சதுரங்கம் ஆடும் மேசை. ஆட்டத்தில் தோற்பது நல்ல அறிமுகம்.

இரவு தூங்கும் முன் அன்றைய குறிப்பை விரித்து எழுதிவிட வேண்டும். நாற்பது நிமிட அமர்வுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நாளை எழுதலாம் என்று வைத்தால் போச்சு. மறதி முதல் சில மணி நேரத்தில்தான் வேகமாக நடக்கும் என்பது ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885இல் அளந்து சொன்னது. அதைவிட ஆபத்து, மறக்காமல் மாறிப்போவது. 1932இல் வெளிவந்த ஆங்கில உளவியலாளர் ஃப்ரெடெரிக் பார்ட்லெட்டின் ஆய்வில், வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றைப் படித்த ஆங்கிலேயர்கள் அதைத் திரும்பச் சொன்னபோது, சீல் என்ற கடல் விலங்கின் வேட்டை மீன்பிடிப்பாகவும், மரத்தைக் குடைந்த ஓடம் சாதாரணப் படகாகவும் ஆனது. கதையில் வந்த ஆவிகள் பலர் சொன்னதில் காணாமலே போயின. யாரும் பொய் சொல்லவில்லை. அந்நியமானதை மனம் தனக்குப் பழகியதாக மாற்றிவைத்துக்கொண்டது. உங்கள் பயண நினைவுகளிலும் இதுதான் நடக்கிறது, திரும்பி வந்தால் அதே ஆளாக இருப்பதற்கு இது பெரிய காரணம் என்பது என் கணிப்பு. கேமராவும் அவ்வளவு நம்பத்தக்க துணை இல்லை. உளவியலாளர் லிண்டா ஹெங்கல் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகப் பொருள்களை முழுதாகப் படம் எடுத்தவர்கள், வெறுமனே பார்த்தவர்களைவிடக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். ஏதாவது ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் படம் எடுத்தபோது அந்த இழப்பு இல்லை. ஆகவே அமர்வின்போது படம் வேண்டாம். மாறாக, கோணல்மாணலாக இருந்தாலும் ஒரு வரைபடம் போடுங்கள்: பெஞ்சு, கூரை, வாசல், யார் எங்கே நின்றார் என்று புள்ளிகள். வரைய வேண்டுமென்றால் பார்த்தே ஆக வேண்டும்.

குறிப்பின் மூலையில் உங்கள் நிலையையும் ஒரு வரி எழுதுங்கள்: எத்தனை மணி நேரம் தூங்கினேன், பசியா, யாரிடமாவது சண்டையா. அயலூரில் முதலில் பரவசம், அடுத்து எரிச்சல், பிறகு பழக்கம் என்று கட்டங்கள் வரும் என்பது மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் காலத்திலிருந்து பாடப்புத்தகங்களில் இருக்கிறது. அந்த வரிசை எல்லோருக்கும் பொருந்தும் என்பதற்கு ஆதாரம் பலமாக இல்லை. பலருக்கு முதல் நாள்களே மிகக் கடினமாக இருப்பதாகப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. வரிசை எப்படியானாலும், மனநிலை குறிப்புக்குள் ஒழுகும் என்பது உறுதி. களப்பணியின் முன்னோடிகளில் முதன்மையான மாலினோவ்ஸ்கி முதல் உலகப் போர் ஆண்டுகளில் நியூ கினிக்கு அருகே உள்ள டிரோப்ரியாண்ட் தீவுகளில் கூடாரம் போட்டு ஊர்க்காரர்களுக்கு நடுவே தங்கியவர். அவருடைய தனி நாட்குறிப்பு அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து 1967இல் அச்சானபோது, அந்த மக்கள்மீது அவர் கொட்டிய எரிச்சலும் இகழ்ச்சியும் பலரைத் திடுக்கிடச் செய்தன. எரிச்சல் வந்தால் நீங்கள் மோசமானவர் என்று அர்த்தமில்லை. அதை வலப்பக்கத்தில் எழுதி நாள் போட்டுவிட்டால், இடப்பக்கம் தப்பிக்கும்.

எங்கே செய்யக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லைச் சாவடி, ராணுவ வளாகம், விமான நிலையப் பாதுகாப்புப் பகுதி, காவல் நிலையம் இவற்றின் அருகே உட்கார்ந்து வரைபடம் போட்டு நேரம் குறித்தால், என்ன விளக்கம் சொன்னாலும் சந்தேகம் தீராது. வழிபாடு, இறப்புச் சடங்கு, மருத்துவமனைக் காத்திருப்பு அறை இவற்றில் நோட்டை எடுக்காதீர்கள். குழந்தைகளைக் கவனிப்பது பற்றி மேலே சொன்னேன். பொது இடத்தில், பெற்றோர் உடன் இருக்கையில், தொலைவிலிருந்து மட்டும், படம் எடுக்காமல். பள்ளிக்கு எதிரே தினமும் ஒருவர் உட்கார்ந்து எழுதினால் ஊர் பதறுவது நியாயம்தானே. மூன்று முறை உட்காரும் விதி அங்கே வேண்டாம், ஒரு முறை போதும். நோட்டை மறைக்காதீர்கள். யாராவது கேட்டால் உண்மையைச் சொல்லிப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள், காட்ட முடியாத எதையும் எழுதாதீர்கள், ஆள்களின் பெயரையும் குறிக்காதீர்கள். பெண்கள் தனியாக நாற்பது நிமிடம் ஓரிடத்தில் உட்கார்வது எல்லா ஊரிலும் ஒன்றுபோல் இராது. பிற பெண்கள் தனியாக உட்கார்ந்திருக்கும் இடத்தைத் தேர்ந்துகொள்வது பாதுகாப்பு. நூலகமும் ஓடும் டிராமும் பெரும்பாலும் சரிப்படும். எங்கே, எந்த மணிக்குப் பெண்கள் தனியாக இருக்கிறார்கள் என்பதே ஒரு முழு அமர்வுக்கான கேள்வி.

எட்டு நாளில் இதற்கு மொத்தம் ஐந்தாறு மணி நேரம் போனால் அதிகம். மிச்ச நாளை வழக்கம்போலச் சுற்றலாம். முதல் நாள் இடம் தேடுங்கள், இரண்டாம் நாள் காலை முதல் அமர்வு, அன்றிரவு மூன்று ஊகங்களை எழுதி ஒவ்வொன்றுக்கும் ‘எதைப் பார்த்தால் இது தவறென்று ஒப்புக்கொள்வேன்’ என்று ஒரு வரி சேருங்கள். நான்காம் நாள் மாலை இரண்டாம் அமர்வு, அதையொட்டி மூவரிடம் கேள்வி, விடுமுறை நாளில் மூன்றாவது. மூன்று ஊகத்தில் ஒன்று உடைந்தாலும் பயணம் வேலை செய்திருக்கிறது. மூன்றுமே அப்படியே நின்றால் உங்களைச் சந்தேகியுங்கள். ‘மக்கள் அன்பானவர்கள்’ என்பது போல எதனாலும் உடைக்க முடியாத வாக்கியங்களை எழுதியிருப்பீர்கள்.

மிச்சம் ஒரு அமர்வு உண்டு, அதைச் சொந்த ஊரில் செய்ய வேண்டும். திரும்பி வந்த முதல் வாரத்துக்குள், தினமும் கடந்துபோகும் பேருந்து நிறுத்தத்தில் அதே நாற்பது நிமிடம், அதே கோடு போட்ட நோட்டு. அமெரிக்க மானிடவியலாளர் ஹொரேஸ் மைனர் 1956இல் ‘நசிரெமா’ என்ற விசித்திர இனக்குழுவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர்கள் வீட்டுச் சுவரில் ஒரு பெட்டியைப் பதித்து மந்திரப் பொருள்களைச் சேர்ப்பார்கள், தினமும் அதன்முன் தலைகுனிந்து வாய்ச் சடங்கு செய்வார்கள். அந்தப் பெயரை ஆங்கிலத்தில் எழுதிப் பின்னாலிருந்து படித்தால் அமெரிக்கர் என்று வரும். பெட்டி குளியலறை மருந்து அலமாரி, சடங்கு பல்துலக்குதல். உங்கள் நிறுத்தத்தைப் பற்றிய இடப்பக்கத்தை அந்தத் தூரத்திலிருந்து எழுத முதல் முயற்சியில் வராது. எல்லாம் ‘இயல்பாக’ இருப்பதால் எழுத ஒன்றுமில்லை என்று தோன்றும், பத்து நிமிடத்தில் எழுந்துவிடத் தோன்றும். அப்போது அயலூர் நோட்டைத் திறந்து, அங்கே கேட்ட கேள்விகளை வரிசையாக இங்கே கேளுங்கள்: பெஞ்சின் எந்த இடம் காலியாக இருக்கிறது, யார் எழுகிறார், எழுந்தவர் எங்கே போய் நிற்கிறார்.